எகிப்து டாக்டர் சாதவி எழுதின அந்தப் பொண்ணு என் ஓபிக்கும் வந்துச்சு

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை. திங்கக்கிழமை ஓபி எப்படி இருக்கும்னு அரசு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், மணி பதினொண்ணு கூட ஆகல அதுக்குள்ள எண்பது சீட்டு பாத்தாச்சு, வெளிய இன்னும் அத்தனை பேர் நிக்கிறாங்க. ஒரு அம்மா, அவங்க நாத்தனார், நடுவுல பதினாலு வயசுப் பொண்ணு, ஸ்கூல் யூனிஃபார்ம்லயே. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திருக்கேன்.) அம்மா "வயித்து வலி மேடம், மூத்திரம் போகவும் கஷ்டப்படுறா"ன்னு ஆரம்பிச்சாங்க. அத்தை எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்திட்டு வந்து என் காதுகிட்ட குனிஞ்சு, "வயிறு பெருசாயிட்டே வருது டாக்டரம்மா, இன்னும் வயசுக்கும் வரல, தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க, நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா இருக்கும்"னாங்க.

அந்த ஒரு வார்த்தை என்னன்னு எனக்குப் புரிஞ்சுது, பொண்ணுக்கும் புரிஞ்சுது, தலையத் தூக்கவே இல்ல.

ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் வெளிய உக்கார வச்சுட்டு, நர்ஸை மட்டும் கூட வச்சுக்கிட்டு அவகிட்ட கேட்டேன், வலி எப்பெப்ப வருதும்மான்னு. விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா. பொங்கல் லீவுல வந்துச்சு, அப்புறம் ஆண்டு விழா அன்னிக்கி, அப்புறம் முழுப் பரீட்சைக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு நாள் இருந்துட்டுப் போயிடும். எண்ணிப் பாத்தா கிட்டத்தட்ட இருபத்தெட்டு, முப்பது நாளுக்கு ஒரு தடவை. இத்தனை மாசமா மருந்துக்கடை மாத்திரை, வெந்தயம், ஓமத்தண்ணி, கோயில்ல மந்திரிச்ச கயிறுன்னு எல்லாம் நடந்திருக்கு, தேதியை மட்டும் யாரும் கேக்கல.

ஸ்கேன் பாத்தா சந்தேகமே இல்ல. வயசுக்கு வரலைன்னு எல்லாரும் சொன்ன பொண்ணு எப்பவோ வயசுக்கு வந்தாச்சு. ரத்தம் வெளிய வர வழிதான் இல்ல. கன்னித்திரைன்னு சொல்ற சவ்வுல சாதாரணமா ஒரு திறப்பு இருக்கும், இவளுக்குப் பிறவியிலேயே அது இல்லாம மூடியே இருந்திருக்கு, மாசா மாசம் வந்த ரத்தம் உள்ளயே தேங்கித் தேங்கி வயித்துல கட்டி மாதிரி தெரிஞ்சு, மூத்திரப் பையையும் அழுத்த ஆரம்பிச்சிருச்சு. ஆயிரம், ரெண்டாயிரம் பெண் குழந்தைகள்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், அப்படி ஒண்ணும் கேள்விப்படாத விஷயம் இல்ல. மறுநாள் மயக்கம் குடுத்து சின்னதா ஒரு கீறல், அரை லிட்டருக்கு மேல வந்துச்சு, பாகு மாதிரி கெட்டியா கறுப்பா. சாயங்காலமே எந்திரிச்சு உக்காந்து இட்லி கேட்டா.

அன்னிக்கி ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அலமாரியில இருந்து ஒரு பழைய புக்கை எடுத்தேன். எகிப்து எழுத்தாளர் நவால் எல் சாதவியோட 'ஏவாளின் மறைக்கப்பட்ட முகம்', 1977-ல அரபியில வந்தது, மூணு வருஷம் கழிச்சு இங்கிலீஷ்ல வந்தது. அவங்களும் டாக்டர். அதுல இதே கேஸ் இருக்கு, வயிறு வீங்கின ஒரு சின்னப் பொண்ணு, வீட்ல எல்லாரும் சந்தேகப்படுறாங்க, பாத்தா சவ்வுல வழி இல்லாம உள்ள ரத்தம் தேங்கிருக்கு. கல்யாண ராத்திரி ரத்தம் வரலைன்னு ஒருத்தர் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து நிறுத்தினதையும் எழுதிருக்காங்க, அந்தப் பொண்ணுக்கு இருந்தது இழுபடுற தன்மையுள்ள சவ்வு, அது உறவுல கிழியாமலே இருக்கலாம். பிஜி படிக்கும்போது ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்கா குடுத்த புக் அது. அப்ப படிச்சப்போ எகிப்துல இப்படியெல்லாம் கஷ்டம் போலன்னு நெனச்சேன், அவ்வளவுதான் அப்ப என் அறிவு.

சாதவியைப் பெண்ணிய நாவலாசிரியர், கட்டுரையாளர்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஐம்பதுக்கு மேல புக்கு, 'சூன்யப் புள்ளியில் பெண்' தமிழ்லயும் வந்திருக்கு. எனக்கு அவங்க முதல்ல ஒரு பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர். 1931-ல நைல் டெல்டாவுல கஃப்ர் தஹ்லான்னு ஒரு கிராமத்துல ஒம்பது பிள்ளைகள்ல ஒருத்தரா பிறந்தவங்க. பத்து வயசுல கல்யாணம் பேச ஆளு வந்தப்போ பச்சைக் கத்தரிக்காயத் தின்னு பல்லைக் கறுப்பாக்கிக்கிட்டு வந்து நின்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை ஓட விட்டிருக்காங்க. 1955-ல கெய்ரோ யுனிவர்சிட்டியில மெடிசின் முடிச்சு, கிராமத்துலயே போயி வைத்தியம் பாத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில நோய்தான் தெரியும், கிராமத்துல உக்காந்தாதான் அந்த நோய் எந்த வீட்ல இருந்து வருதுன்னு தெரியும், இது நான் ரெண்டு வருஷம் பிஎச்சில இருந்தப்ப கத்துக்கிட்டது, அவங்க எழுதினதுல எல்லாம் அந்த வாடை இருக்கு. புருஷன்கிட்ட அடி வாங்கின ஒரு பேஷன்ட்டைக் காப்பாத்தப் போனதுனால அங்கருந்து கெய்ரோவுக்கு மாத்திட்டாங்க. அங்க படிப்படியா மேல வந்து சுகாதார அமைச்சகத்துல சுகாதாரக் கல்விக்கு இயக்குநர் ஆனாங்க, நடுவுல அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டியில பொது சுகாதாரமும் படிச்சுட்டு வந்தாங்க.

1972-ல 'பெண்ணும் பாலுறவும்'னு ஒரு புக் போட்டாங்க. அதுல என்ன இருந்துச்சு? நாங்க ஃபர்ஸ்ட் இயர் அனாடமியில படிக்கிறதுதான் பாதி. கன்னித்திரைங்கிறது ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும், நிறைய பேருக்கு முதல் தடவை ரத்தமே வராது, அதை வச்சு ஒரு பொண்ணோட ஒழுக்கத்தை எடை போடுறது முட்டாள்தனம். கூடவே பெண் பிள்ளைகளோட பிறப்புறுப்புல வெட்டி எடுக்கிற கத்னாவைப் பத்தி, அது உடம்பையும் மனசையும் என்ன பண்ணுதுன்னு எழுதினாங்க. அவ்வளவுதான், வேலை போச்சு, அவங்க நடத்தின ஹெல்த் பத்திரிகைய மூடிட்டாங்க, டாக்டர்கள் சங்கத்துல இருந்த பதவியும் போச்சு. டாக்டர்கள் சங்கம்னு நான் எழுதினதை இன்னொரு தடவை படிங்க.

கத்னாவைப் பத்தி அவங்க கேள்வி ஞானத்துல எழுதல. ஆறு வயசுல நடு ராத்திரி தூக்கிட்டுப் போயி பாத்ரூம் தரையில போட்டு அவங்களுக்கே பண்ணினது. வலியில அம்மா அம்மான்னு கத்திட்டு கண்ணத் தொறந்து பாத்தா சுத்தி நின்னவங்களுக்கு நடுவுல அம்மா சிரிச்சுப் பேசிட்டு நிக்கிறாங்க. அந்த ஒரு பக்கத்தை நான் ரெண்டாவது தடவை படிச்சதில்ல.

வேலை போனதும் சும்மா இருக்கல, ஐன் ஷம்ஸ் யுனிவர்சிட்டியில பெண்களோட மனநோய் பத்தி ஆராய்ச்சி பண்ணினாங்க, அதுக்காக கனாத்திர் ஜெயிலுக்குப் போய் தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த ஒரு பொண்ணுகிட்ட பேசினாங்க, அதுதான் 'சூன்யப் புள்ளியில் பெண்' நாவலா வந்தது. எகிப்துல போட ஆள் இல்லாம 1975-ல பெய்ரூட்ல வந்துச்சு. டாக்டரா கேஸ் கேட்டுப் பழகினவங்க எழுதின நாவல்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிரும், அவங்க கேள்வி கேக்கவே மாட்டாங்க, தரையில உக்காந்து அவளைப் பேச விட்டுட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆறு வருஷம் கழிச்சு 1981 செப்டம்பர்ல எகிப்து அதிபர் சாதாத்தோட அரசாங்கம் எதிர்த்துப் பேசினவங்களை மொத்தமா அள்ளினப்போ இவங்களையும் கொண்டு போய் வச்சது அதே கனாத்திர் ஜெயில்ல. பேப்பர் பேனா கிடையாது. கூட இருந்த ஒரு கைதிகிட்ட புருவம் தீட்டுற பென்சில் வாங்கி டாய்லெட் பேப்பர்ல எழுதி வெளிய கொண்டு வந்தாங்க, அது ஒரு தனி புக்கு. அக்டோபர்ல சாதாத் கொல்லப்பட்டு, நவம்பர்லதான் வெளிய விட்டாங்க.

மேடையிலயும் டிவியிலயும் அவங்களைப் பாக்கணும், யூடியூப்ல நிறைய இருக்கு. வெள்ளை முடி, பின்னல் இல்லன்னா விரிச்சு விட்டது, முகத்துல ஒரு பொட்டு மேக்கப் கிடையாது. முகத்திரையும் மேக்கப்பும் ரெண்டும் பொண்ணோட மூஞ்சிய மறைக்கிறதுதான்னு சொல்வாங்க, இதக் கேட்டு ரெண்டு பக்கமும் கோவப்படுவாங்க. 1980-ல கோபன்ஹேகன்ல ஐநா மகளிர் மாநாட்டுல மேற்கத்தியப் பெண்ணியவாதிகள் கத்னாவை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஐயோ பாவம் ஆப்பிரிக்கப் பெண்கள்ங்கிற மாதிரி பேசினது அவங்களுக்குப் பிடிக்கல, வறுமையையும் வல்லரசுகள் சுரண்டுறதையும் விட்டுட்டு இத மட்டும் பேசாதீங்கன்னு சண்டை. 1982-ல அரபுப் பெண்கள் ஒற்றுமைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, 1991-ல அரசாங்கம் இழுத்து மூடிருச்சு. கொலை மிரட்டல் பட்டியல்ல பேரு வந்து, அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டிக்குப் போயி பாடம் நடத்தினாங்க, 1996-ல திரும்பி வந்துட்டாங்க. 2001-ல ஒரு வக்கீல் இவங்க மதத்தை விட்டு விலகிட்டாங்க, புருஷன்கிட்ட இருந்து பிரிச்சு வைங்கன்னு கேஸ் போட்டார். முப்பத்தேழு வருஷ தாம்பத்தியம், புருஷன் ஷெரீஃப் ஹெத்தாத்தாவும் டாக்டர், நாவலாசிரியர், பதிமூணு வருஷம் அரசியல் கைதியா இருந்தவர். கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. (2010-ல அவங்களே டைவர்ஸ் வாங்கிட்டாங்க, அது அவங்க முடிவு, வக்கீல் முடிவு இல்ல!) 2011-ல எழுபத்தொம்பது வயசுல கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்துல நடந்த போராட்டத்துல பசங்களோட பசங்களா நின்னாங்க. 2018-ல பிபிசி பேட்டியில கொஞ்சம் காரத்தைக் குறைக்கலாமேங்கிற மாதிரி கேட்டதுக்கு, இன்னும் கூடதான் பேசணும்னாங்க.

எல்லாத்துலயும் அவங்க பக்கம் நான் நிக்கல. 2013-ல ராணுவம் அதிபர் மோர்சியை இறக்கினப்போ அதைப் புரட்சின்னாங்க, ராணுவத் தளபதி சிசிக்கு ஆதரவா பேசினாங்க, சாதாத் ஜெயில்ல இருந்தவங்களா இப்படின்னு அவங்களை நேசிச்ச நிறைய பேருக்கே வலிச்சுது, எனக்கும்தான்.

ஆனா என் தொழிலைப் பத்தி அவங்க கண்டுபிடிச்சது சரி. கத்னா பண்றது யாரோ படிக்காத மருத்துவச்சின்னு நாம நெனச்சிட்டிருப்போம். 1994-ல கெய்ரோவுல மக்கள்தொகை மாநாடு நடக்கும்போது ஒரு சின்னப் பொண்ணுக்கு கத்னா பண்றதை சிஎன்என் காட்டி உலகமே கொந்தளிச்சுது, உடனே எகிப்து சுகாதார அமைச்சர் என்ன பண்ணினார் தெரியுமா, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகள்ல டாக்டர்களே பண்ணலாம்னு உத்தரவு போட்டார். சுத்தமா, மரப்பு ஊசி போட்டுப் பண்ணினா தப்பில்லைங்கிற மாதிரி. அதை வாபஸ் வாங்கி, 1996-ல தடை போட்டு, அதுலயும் ஓட்டை விட்டு, கடைசில 2007-ல பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி ஒரு டாக்டரோட கிளினிக்ல மயக்க மருந்துலயே செத்த பிறகு முழுத் தடை, 2008-ல சட்டம். சாதவி எழுதி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் 2015 அரசு சர்வேல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 87 சதவீதம் பேருக்குப் பண்ணிருக்கு. மருத்துவச்சி கையில இருந்த பிளேடை வாங்கி டாக்டர் கையில குடுத்தது மட்டும்தான் நடந்துச்சு.

நாம எகிப்தைப் பாத்து சிரிக்க வேண்டாம். எங்க ஃபாரன்சிக் புக்குல கன்னித்தன்மைக்கு அடையாளங்கள்னு ஒரு பகுதியே இருந்துச்சு, மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினேன். விரல் விட்டுக் கன்னித்தன்மை பாக்கிறதா சொல்ற ரெட்டை விரல் பரிசோதனை பெண்ணோட உரிமைக்கு எதிரானதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013-லயே சொல்லிருச்சு, அப்புறமும் நடந்துட்டுதான் இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட் உடனே தடை பண்ணுங்கன்னு தமிழ்நாடு அரசுக்குச் சொன்னது, அதே வருஷம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடியும், இனி பண்ற டாக்டர் நடத்தை மீறல் குற்றவாளின்னு சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல இந்தச் சோதனைக்கு மருத்துவ ஆதாரமே கிடையாதுன்னு சொல்லிருச்சு. அதனால உங்க வீட்லயோ மாப்பிள்ளை வீட்லயோ யாராச்சும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் செக் பண்ணலாம்னு சொன்னா, செக் பண்றதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் பாத்துச் சொல்ல முடியாது, சொன்னார்னா பொய் சொல்றார்.

பதினஞ்சு வயசாகியும் பொண்ணு வயசுக்கு வரலைன்னா காத்திருக்காதீங்க, வந்து காட்டுங்க. அதுக்கு முன்னாடியே மாசா மாசம் கணக்கு வச்ச மாதிரி அடிவயிறு வலிச்சா, மூத்திரம் அடைச்சா, அந்த மாசமே வாங்க. தேதியைக் குறிச்சு எடுத்துட்டு வாங்க, பொண்ணையே குறிக்கச் சொல்லுங்க, உங்களை விட அவளுக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும். லேட்டானா ரத்தம் திரும்பி கருக்குழாய் வழியா வயித்துக்குள்ள போய் பின்னால பிள்ளைப்பேறுல சிக்கல் வரலாம்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கி அத்தை மறுபடி வந்தாங்க. "டாக்டரம்மா, ஒரு லெட்டர் குடுங்க, நாளைக்கி கல்யாணத்தப்ப ஏதாச்சும் பேச்சு வந்தா காட்டணும்ல." டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கேம்மான்னேன், அது இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல சீல் வச்சு வேணுமாம். "பிள்ளை சுத்தம்னு ஒரு வரி போட்டீங்கன்னா போதும்." அந்த வரியைப் போட மாட்டேன்னு சொல்லி எவ்வளவோ விளக்கினேன், தலையத் தலைய ஆட்டினாங்க, லெட்டர் வாங்காம நகரல. கடைசில பிறவிக் குறைபாடு, மாதவிடாய் ரத்தம் வெளியேற அறுவை சிகிச்சை செய்யப்பட்டதுன்னு மட்டும் எழுதி சீல் வச்சுக் குடுத்தேன். குடுத்திருக்கக் கூடாதுன்னு ஒரு மனசு சொல்லுது, குடுக்காம விட்டா நாளைக்கு அடி வாங்கப் போறது அவதானேன்னு இன்னொரு மனசு. சாதவியா இருந்தா என்ன பண்ணிருப்பாங்கன்னு ரெண்டு மூணு நாள் யோசிச்சேன், 2021 மார்ச் 21-ல எம்பத்தொம்பது வயசுல போய்ட்டாங்க, எழுதிக் கேக்கவும் முடியாது.

ஒரு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தாங்க. சரியா வந்திருக்கு, வலி இல்ல, தாய்மாமன் சீரோட சடங்கும் வச்சு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிட்டாங்க. பொண்ணு இந்தத் தடவை நிமிர்ந்து உக்காந்து, பிடி பீரியட்ல ஓடலாமா மேடம்னு கேட்டா, தாராளமா ஓடுன்னேன். அத்தை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "அந்த லெட்டரை லேமினேட் பண்ணி பீரோல வச்சிருக்கோம் டாக்டரம்மா"ன்னாங்க.