உடைத்த பிறகு கூப்பிடாதீர்கள்

"சீலிங்கை உடைச்சாச்சு சார். இப்பதான் ஒருத்தர், ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம்னு சொல்றார். வந்து காத்தை டெஸ்ட் பண்ணிப் பாக்கறீங்களா?"

கட்டட ஆய்வில் இருக்கும் எவரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியை மனப்பாடமாகச் சொல்வார். உடைப்பதற்கு முன் கட்டைவிரல் நகமளவு துண்டு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. இப்போது அறை முழுக்கத் தூசி. அள்ளிய குப்பை எங்கே போனதென்று தெரியாது. பெருக்கியவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டார். இனி காற்றைச் சோதித்து என்ன சொல்வது? தூசி படிந்து அடங்கிய அறையில் காற்றுச் சோதனையின் முடிவு சுத்தமாகக்கூட வரும். மறுநாள் மின்விசிறியைப் போட்டதும் அத்தனையும் மறுபடி கிளம்பும். போதாக்குறைக்கு, வழக்கமான காற்றுச் சோதனை குறிப்பிட்ட நீள அகலத்தில் உள்ள எல்லா நாரையும் எண்ணும். அது ஆஸ்பெஸ்டாஸா, ஜிப்சமா, துணி நூலா என்று பிரித்துச் சொல்லாது.

சிக்கலில் பாதி சொல்லிலேயே இருக்கிறது. நம் பேச்சில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நெளிநெளியான கூரை ஷீட், அவ்வளவுதான். அகராதியில் இதற்குக் 'கல்நார்' என்று அருமையான சொல் உண்டு. கல்லாக இருந்து நாராகப் பிரியும் கனிமம் என்று அதுவே விளக்கிவிடும். அந்த நார் தூசியாகக் கிளம்பி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. ஆனால் யார் வாயிலும் வருவதில்லை. விளைவு, செல்லுலோஸ் நார் போட்ட புது ஷீட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். நிஜமாகவே கல்நார் இருக்கும் மற்ற இடங்கள் சந்தேகத்துக்கே வருவதில்லை.

அந்த மற்ற இடங்கள் எவை? பழைய ஃபால்ஸ் சீலிங் பலகை, பார்டிஷன் பலகை, சமையலறைச் சுவரில் வெப்பம் தாங்க அடித்த தகடு, பாய்லர் குழாயைச் சுற்றிய வெள்ளைப் பூச்சு, அடுப்பு அல்லது பாய்லர் கதவின் கயிறு, கேஸ்கெட், ஃபியூஸ் போர்டின் உள்தகடு, சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் குழாய், புகைபோக்கிக் குழாய், கூரையில் புள்ளிபுள்ளியாக அடித்த அலங்காரப் பூச்சு. தரையில் ஒட்டிய 9 அங்குலச் சதுர வினைல் டைலும், அதன் அடியில் இருக்கும் கறுப்பு பிட்யூமன் பசையும்கூட. டைலைப் பெயர்த்துவிட்டு அந்தக் கறுப்புப் பசையைக் கிரைண்டர் வைத்துச் சுரண்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் அபத்தம்.

இவை எல்லாமே ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. சிமென்ட் ஷீட்டில் கல்நார் 10 முதல் 15 சதவீதம் இருக்கும், சிமென்ட் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். வெப்பத் தடுப்புப் பலகையில் 15 முதல் 40 சதவீதம் வரை, பிடிப்பும் தளர்வு. இரும்பு உத்திரங்கள்மேல் தெளித்த பழைய பூச்சில் 85 சதவீதம் வரைகூட இருக்கும். விரல் பட்டாலே உதிரும். வேலைத்தளத்தில் பலகையையும் சிமென்ட் ஷீட்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்தது, எரிச்சலின் உச்சம்: "போட்டோ அனுப்புறேன், பாத்துச் சொல்லிடுங்க."

முடியாது. முப்பது வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. தீங்கு செய்யும் நார் 3 மைக்ரானைவிட மெல்லியது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். உங்கள் போன் கேமராவில் விழுவது சிமென்ட்டும் பெயின்ட்டும்தான், நார் அல்ல. 'வெள்ளை', 'பழுப்பு', 'நீலம்' என்று கல்நாரில் வகை சொல்வதைக் கேட்டுவிட்டு "இது சாம்பல் நிறமா இருக்கு, அப்ப இல்லை" என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அந்த நிறங்கள் சுத்தமான கனிமத்துக்கு. சிமென்ட்டில் கலந்த பிறகு எல்லாம் சாம்பல்தான். தட்டிப் பார்ப்பது, உடைத்த விளிம்பில் நூல் தெரிகிறதா என்று பார்ப்பது, நெருப்புக் காட்டுவது எதுவுமே சோதனை ஆகாது. கண்ணாடி நாரும் எரியாது என்பதை நினைவில் வையுங்கள். விளிம்பை உடைத்துப் பார்ப்பதோ, எதைத் தவிர்க்க வேண்டுமோ அதையே செய்வது.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. முதலில் சாதாரணப் பெரிதாக்கியில் நாரைத் தேடிப் பிரிப்பார்கள். பிறகு அதை ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) தெரிந்த எண்ணெயில் வைத்து, முனைவாக்கிய ஒளியில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பார்கள். வெள்ளைக் கல்நாருக்கு 1.550 எண்ணெய், பழுப்புக்கு 1.670, நீலத்துக்கு 1.700. ஒவ்வொன்றும் தன் எண்ணெயில் தனக்கே உரிய நிறம் காட்டும். வெள்ளை சுருண்டு நெளிந்து கிடக்கும், மற்ற இரண்டும் நேராக ஊசிபோல நிற்கும். இதை எந்தப் புகைப்படத்திலிருந்து படிப்பது?

"எங்க கட்டடம் அவ்வளவு பழசில்லையே" என்பதும் அரைகுறைதான். கட்டிய ஆண்டு உதவும், தீர்ப்புச் சொல்லாது. பிரிட்டனில் நீலமும் பழுப்பும் 1985-ல் தடையாயின, வெள்ளை 1999-ல். ஆஸ்திரேலியாவில் முழுத் தடை 2003 கடைசி நாளில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005. கனடாவில் 2018. இந்தியா உட்படப் பல நாடுகளில் வெள்ளைக் கல்நார் சிமென்ட் ஷீட்டுக்கு முழுத் தடை வரவில்லை. அங்கே கட்டட வயதை வைத்து எதையும் ஒதுக்க வழியில்லை. தடை வந்த இடங்களிலும் கிடங்கில் இருந்த சரக்கு ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. தவிர, கட்டிய ஆண்டோடு நிறுத்தாமல் இடையில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்றும் கேளுங்கள்.

சரி, எப்போது சோதிக்க வேண்டும்? ஏதாவது ஒன்று அந்தப் பொருளைத் தொடப்போகிறது என்றால், தொடும் முன். ஏசி குழாய்க்குத் துளை போடுவது, வயரிங் மாற்றுவது, குளியலறை டைலைப் பெயர்ப்பது, கூரைமேல் சோலார் பேனல் பொருத்துவது, பாய்லரைக் கழற்றுவது எல்லாமே இதில் சேரும். பெரிய இடிப்புக்குச் சோதிப்பவர்கள்கூட ஆறு துளை போடுவதற்குச் சோதிப்பதில்லை. நாரைக் கிளப்ப அந்த டிரில் போதும். பழைய கட்டடம் வாங்கும்போது, பேரம் முடியும் முன். தீ, புயல், கூரை ஒழுகல் போன்றவற்றுக்குப் பிறகு, சுத்தம் செய்யும் முன். தீயில் கல்நார் சிமென்ட் ஷீட் வெடித்துச் சிதறும், துண்டுகள் அடுத்த வளாகம்வரை விழும்.

முழுசாக, விரிசல் இல்லாமல், பெயின்ட் உரியாமல், யாரும் தொடாத இடத்தில் இருக்கிறதா? பதறிப்போய்ப் பிடுங்க வேண்டாம். கல்நார் இருப்பதாகவே எண்ணிக் குறித்துவைத்து, வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். பாசி பிடித்த கூரையை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மேல்தோலைச் சீவி நாரை ஊரெல்லாம் தெளிக்கும் வேலை அது. பழைய ஷீட்மேல் ஏறி நிற்கவும் கூடாது. கல்நார் நுரையீரலைத் தொடுவதற்கு முன்னால் ஷீட் உடைந்து ஆள் கீழே விழுவார்.

மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுவதே முறை. குழாய்ப் பூச்சு, தெளித்த பூச்சு, உதிரும் பலகை ஆகியவற்றில் சொந்தமாகக் கைவைக்கவே கூடாது. வருபவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்க்க இவ்வளவு தெரிந்தால் போதும்: மின்விசிறி, ஏசி நிற்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. சில சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து இடத்தை நனைக்க வேண்டும். வெறும் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், சோப்பு கலந்தால்தான் உள்ளே இறங்கும். முகத்தில் நுண்தூசியை வடிகட்டும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 ரக முகக்கவசம். நீல நிற அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். கையால் வெட்டும் கருவி மட்டுமே, மின்கருவி கூடாது. மேல்பரப்பைச் சுரண்டாமல் முழுத் தடிமனுக்கும் வெட்ட வேண்டும். துண்டு ஒரு பைக்குள், அந்தப் பை இன்னொரு பைக்குள், எந்த அறை, எந்த மூலை என்ற குறிப்போடு. வெட்டிய இடத்தைப் பெயின்ட்டாலோ டேப்பாலோ மூடி, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட வேண்டும்.

ஒரே ஒரு மாதிரித் துண்டு, ஒரே ஒரு ரிப்போர்ட், "முழு வீடும் கிளியர்" என்று கொண்டாடாதீர்கள். வெவ்வேறு பொருள் ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி வேண்டும். அலங்காரப் பூச்சைத் தளத்திலேயே கலந்திருப்பார்கள், கலவை சீராக இருக்காது. மூன்று இடத்திலாவது எடுக்கச் சொல்லுங்கள். டைலுக்கு ஒன்று, பசைக்கு ஒன்று. வினைல் டைலில் நார் மிக நுண்ணியதாக இருப்பதால் ஒளி மைக்ராஸ்கோப் தவறவிடலாம். 'இல்லை' என்று வந்தால் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உறுதி செய்யக் கேளுங்கள். குடியிருக்கும் கட்டடத்தில் எதையும் பிரிக்காமல் செய்யும் மேலோட்ட ஆய்வை வைத்துக்கொண்டு இடிப்பு வேலை தொடங்கக் கூடாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் 'அணுக முடியாத பகுதிகள்' என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அங்கே கல்நார் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சோதிப்பவரும் அகற்றும் காண்ட்ராக்டரும் ஒருவராக இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே உடைத்தாகிவிட்டதா? நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றிக் கதவை மூடுங்கள். விளக்குமாறு வேண்டாம், வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். பையில் நிற்காத நாரைப் பின்பக்கம் வழியாக அறை முழுக்க ஊதிவிடும். சட்டையை நனைத்துக் கழற்றிப் பையில் கட்டி வையுங்கள், உதறாதீர்கள். தொழிலாளர்களின் உடுப்பைத் துவைத்ததாலேயே மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்த மனைவிமார் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கீழே கிடக்கும் துண்டுகளில் ஒன்றைச் சோதனைக்கு அனுப்புங்கள். காற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே, தயவுசெய்து, பயத்தில் அடுத்த நாளே மார்பு எக்ஸ்ரேக்கு ஓடாதீர்கள். நோய் தெரிய 20 முதல் 40 ஆண்டுகள், அதற்கு மேலும் ஆகலாம். இன்றைய படத்தில் எதுவும் தெரியாது. ஒரு நாள் தூசியால் வரும் ஆபத்து சிறியது, சுவாசித்த அளவு சேரச் சேரத்தான் கூடும். அதனால் வீட்டுக்காரரைவிட, மாதா மாதம் இப்படி ஒரு வீட்டை உடைக்கும் மேஸ்திரியும் பிளம்பருமே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் புகைபிடிப்பவர்களாக இருந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்கு.

எனவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வேலை பேசும்போதே ஒரு நகலைக் கொடுங்கள். இன்னொன்றை மெயின் போர்டு பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். துளை போட வருபவர் கரண்ட்டை நிறுத்த முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.