லென்ஸில் பூசணம் பிடிப்பது ஏன், தடுப்பது எப்படி

கேமரா லென்ஸுக்குள் பூசணம் புதிதாக எங்கிருந்தும் வந்து சேர்வதில்லை. அதன் வித்துகள் காற்றெங்கும் மிதப்பவை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் பல லென்ஸ்கள் காற்றை இழுத்து விடுகின்றன. வித்துகளும் கூடவே உள்ளே போகும். தீனிக்கும் குறைவில்லை: தூசி, துணி நார், விரல் எண்ணெய், கிரீஸ் படலம். இல்லாதது ஈரம் மட்டும்தான். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் அப்படியே நின்றால் வித்து முளைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை வீட்டு பீரோவுக்குள் இதெல்லாம் ஒன்றுசேரும், காற்றோட்டமும் கிடையாது.

முளைத்த இழைகள் சுரக்கும் அமிலம் முதலில் கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சான கோட்டிங்கை அரிக்கும், பிறகு கண்ணாடியையே தொடும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பிக்கலாம். விட்டுவைத்தால், பூசணம் போன பிறகும் அதன் தடம் மெல்லிய கோலம்போல நிற்கும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

எனவே லென்ஸ் இருக்கும் இடத்தின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். 30-க்குக் கீழே வெகுநாள் வைத்தால் ரப்பரும் மசகும் உலரக்கூடும், அதுவும் வேண்டாம். டிரை கேபினெட் இருந்தால் இந்த அளவை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மூடியில் ரப்பர் வளையம் உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 100 கிராம், ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும்.

100 கிராம் போதுமா? 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், 20 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் சுமார் அரை கிராம்தான். 100 கிராம் ஜெல்லோ ஏறத்தாழ 20 கிராம் நீரைப் பிடித்து வைக்கும். அப்படியிருந்தும் ஜெல் ஒரே வாரத்தில் ஈரம் நிறைந்து நிறம் மாறினால், காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. மூடி சரியாக இறுகவில்லை, அல்லது லென்ஸைப் பையோடு உள்ளே வைத்திருக்கிறீர்கள். தோல் உறை, ஸ்பாஞ்ச், துணி மூன்றும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். லென்ஸை மட்டும் எடுத்து வையுங்கள். பை வெளியே கிடக்கட்டும்.

ஆரஞ்சு ஜெல் பச்சையாகிவிட்டால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைக்க, பழைய நிறம் திரும்பும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. சமையல் பாத்திரம் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மலிவான ஹைக்ரோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல்போல ஆக்குங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-க்கு வந்து நிற்கும். மீட்டர் 69 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

அரிசி டப்பாவுக்குள் லென்ஸைப் புதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி ஈரத்தை இழுப்பது சொற்பம். அதன் மாவுத்தூள் பூசணத்துக்கு விருந்து. நாஃப்தலீன் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போதும் கவனம் தேவை. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். 23 டிகிரியில் குளிர்ந்திருக்கும் லென்ஸ் உடனே வியர்க்கும். கிளம்பும் முன் ஏசி அறையிலேயே பையின் ஜிப்பை மூடிவிட்டு, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

மாதம் ஒருமுறை சோதிப்பது நல்லது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை (அபர்ச்சர்) முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்துவிடலாம். தனித்தனிப் புள்ளி என்றால் தூசி. பெரும்பாலும் படத்தில் தெரியாது. சீரான மங்கல் என்றால் எண்ணெய்ப் படலமாக இருக்கலாம். ஓரத்திலிருந்து கிளைவிட்டு ஓடும் சிலந்தி நூல் போன்ற இழை என்றால் அது பூசணம்.