ஊர்ப் பலகையில் தமிழ்ப் பெயர்: யாரிடம் கேட்பது, எதைக் காட்டுவது

சுற்றுலா ஊர்கள் பலவற்றில் தமிழ்ப் பெயர் தொலைந்துபோகவில்லை; ஊர்க்காரர் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது. ஆங்கில எழுத்தில்தான் டிராங்கிபார், ஊட்டக்கமண்ட், கேப் காமரின் என்று வேறு பெயர்கள் ஏறிவிட்டன. தரங்கம்பாடி, உதகமண்டலம், கன்னியாகுமரி ஆகியவை அரசுப் பதிவுக்குத் திரும்பிவிட்டன. மற்ற ஊர்களுக்கும் வழி உண்டு. எந்தப் பெயரை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த வழி மாறும்.

தெரு, பூங்கா என்றால் நகராட்சி அல்லது பேரூராட்சி மன்றத்தின் தீர்மானத்தில் தொடங்க வேண்டும். ஊரின் பெயரே மாற வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்குப் போக வேண்டும். அதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. மாநிலத்தின் பெயரை மாற்றத்தான் அது வேண்டும். ஆனாலும் மாநில அரசு தானாகவே முடித்துவிட முடியாது. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ரயில்வே, அஞ்சல் துறை, இந்திய நில அளவைத் துறை ஆகியவற்றைக் கேட்டபிறகே அமைச்சகம் சான்று தரும். அதன்பின் மாநில அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். எழுத்துக்கூட்டல் மட்டும் மாறினாலும் இதே பாதைதான்: பெங்களூரு, மைசூரு உட்பட 12 நகரங்களின் பெயரைக் கர்நாடகம் 2014 நவம்பர் 1 முதல் மாற்றியது இப்படித்தான்.

கோரிக்கை தடைபடும் இடம் 1953இல் ஒன்றிய உள்துறை வகுத்த வழிகாட்டு நெறிகள். உள்ளூர்ப் பற்றுக்காகவோ மொழி உணர்வுக்காகவோ மட்டும் பெயரை மாற்றக் கூடாது; வரலாற்றுத் தொடர்புள்ள பெயரை இயன்றவரை தொடக் கூடாது; மாநிலத்திலோ அக்கம்பக்கத்திலோ அதே பெயரில் வேறு ஊர் இருக்கக் கூடாது; மாற்றத்துக்கும் புதிய பெயரைத் தேர்ந்ததற்கும் விரிவான காரணம் தர வேண்டும் என்கின்றன அவை. ஆகவே மனுவில் "தமிழ்ப் பெயர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. நாம் கேட்பதுதான் வரலாற்றுப் பெயர் என்று நிறுவ வேண்டும். கல்வெட்டுப் படி, பழைய நில ஆவணம், கோயில் ஆவணம், பழைய வரைபடம் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி இணைப்பது நல்லது.

அடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி'. எந்தக் காலத்துப் பெயரை மீட்பது? எங்கள் கருத்தில், இன்று ஊரார் சொல்லும் பெயரே முதலுரிமை உடையது. பழையதைச் சான்றாக வைக்கலாம். மலை ஊர்களில் இன்னும் கவனம் தேவை. உதகமண்டலம் என்பதே நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் மொழிப் பெயருக்குத் தமிழ் வடிவம். அந்தத் தோடர் பெயரின் இறுதியில் இருப்பது தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து'. அங்கே மண்ணின் மொழி தமிழ் மட்டுமல்ல. மனு எழுதுமுன் பழங்குடியினரைக் கேட்பதுதான் நியாயம்.

அடுத்த பள்ளம் எழுத்துக்கூட்டல். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தை மாற்றிய தமிழ்நாடு அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. காரணம் ஒலிபெயர்ப்பு: வேலூரின் ஆங்கில வடிவத்தில் 'இ' (E) எழுத்தை இரட்டித்ததால், ஆங்கிலம் பழகியவர் அதை 'வீலூர்' என்று படித்தார். 'டி' என்ற ஒரே எழுத்து த, ட இரண்டுக்கும் வந்து குழப்புவதும் பழைய தொல்லை. மனுவில் ஒரே ஒரு ஆங்கில வடிவத்தைத் தந்து, அதையே தீர்மானம், வரைபடம், இணைப்பு எல்லாவற்றிலும் எழுதுங்கள். தமிழ் தெரியாத நான்கு பேரிடம் முதலில் படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

அரசிதழ் வந்தபின் பழைய பத்திரங்களும் சான்றிதழ்களும் செல்லாமல் போகாது. சில பெயர்கள் மட்டும் பின்தங்கும்: கன்னியாகுமரி ரயில் நிலையத்தின் குறியீடு இன்னும் 'கேப்'தான், மதராஸ் என்பது சென்னையாகி ஆண்டுகள் பல ஆனாலும் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. இணைய வரைபடங்களைத் திருத்தும்போது பழைய பெயரை அழிக்காமல் மாற்றுப் பெயராகச் சேருங்கள். பழைய பெயரைத் தேடி வரும் பயணி அப்போதுதான் தமிழ்ப் பெயரை வந்தடைவார்.