ஓட்டத்துக்கு எதிராக ஊரும் வெள்ளணுக்கள்

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் பல மருந்துகளையே உள்ளே விடாது என்னும்போது, அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய வெள்ளணுக்கள் மட்டும் எப்படி நுழைகின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை, உடலைக் காக்க வேண்டிய டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களே மூளைக்குள் புகுந்து தாக்குகின்றன. இந்நோயின் தழும்புகள் சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி அமைவதை ஜெர்மானிய மருத்துவர் ரிண்ட்ஃபிளைஷ் 1863-இலேயே கவனித்தார்.

நலமான மூளையில் குழாயின் உட்சுவர் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். வெள்ளணுக்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதங்களும் அங்கே குறைவு. அழற்சி தொடங்கியதும் விகாம்-1, ஐகாம்-1 என்னும் பிடிமானப் புரதங்கள் பெருகுகின்றன. தூண்டப்பட்ட டி அணு தன் மேற்பரப்பிலுள்ள ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்னும் புரதத்தால் விகாம்-1ஐப் பற்றி, இரத்த ஓட்டத்தின் இழுப்பை மீறி நின்றுவிடுகிறது.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நின்ற அணு, தனக்கேற்ற வாயிலைத் தேடிச் சுவரின் மேல் ஊரத் தொடங்குகிறது. அதுவும் பெரும்பாலும் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில். நோயூட்டப்பட்ட எலிகளின் தண்டுவடக் குழாய்களை உயிருடனேயே நுண்ணோக்கியில் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009-இல் இதை வெளியிட்டனர். நிறுத்தும் வேலையை விகாம்-1 செய்ய, இந்த ஊர்தலுக்கு ஐகாம்-1 தேவைப்படுகிறது. ஆனால் கண்ணில்லாத அணுவுக்கு எதிர்த்திசை எதுவென்று எப்படித் தெரிகிறது? பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2014-இல் தந்த விளக்கம் அழகானது: ஊரும் அணுவின் வால்பகுதி சுவரில் ஒட்டாமல் தூக்கி நிற்பதால், ஓட்டம் அதைக் காற்றுத்திசைகாட்டியைப் போல் தான் போகும் திசையில் திருப்புகிறது, வால் அப்படித் திரும்பினால் தலை தானாகவே எதிர்த்திசையை நோக்கும். திசையைக் கண்டறியத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

வாயில் கிடைத்ததும் அணு, உட்சுவர் அணுக்களின் இடுக்கு வழியாகவோ, சில வேளைகளில் ஓர் உட்சுவர் அணுவின் உடலையே ஊடுருவியோ வெளியேறுகிறது. அப்போதும் அது மூளைத் திசுவை எட்டிவிடவில்லை. குழாயை ஒட்டிய குறுகிய இடைவெளியில் காத்திருக்கும் விழுங்கணுக்கள் மையலின் துணுக்கைக் காட்டி, அதை அடையாளம் காணும் டி அணுவை மீண்டும் தூண்டுகின்றன. பிறகே, எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகள் நரம்புத்தாங்கு அணுக்களின் பாதங்களை, இடைவெளிக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவிலுள்ள சவ்வோடு பிணைக்கும் புரதத்தை வெட்ட, குழாய்ச் சுவருக்கு அடுத்த இந்த இரண்டாம் தடுப்பு திறக்கிறது. ஆய்வு எலிகளில் நோயின் அறிகுறிகள் தென்படுவதும் இக்கட்டத்துக்குப் பிறகுதான்.

அழற்சியுற்ற எலிமூளைச் சீவல்களில் வெள்ளணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எது என்று தேடிய ஆய்வு, 1992-இல் ஆல்ஃபா-4ஐச் சுட்டியது. ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா என்று பார்ப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை வெட்டுவோர் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. அதே ஒட்டுதலை மறிக்கும் நாடலிசுமாப் மருந்து அமெரிக்காவில் 2004-இல் ஒப்புதல் பெற்றது. சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கியதால் 2005-இல் விற்பனை நிறுத்தப்பட்டு, 2006-இல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. வெள்ளணுக்களை மறித்தால் மூளையைக் காவல் காப்பவையும் உள்ளே போக முடியாது என்பதால், அவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் நோயாளியின் இரத்தத்தில் உள்ளதா என்று இன்று மருத்துவர்கள் சோதிக்கிறார்கள்.