ஈயமும் செம்பும்: ஒரு வேட்டைச் சன்னம் உடலுக்குள் எப்படி விரிகிறது?

மட்டக்களப்பு வாவியில் வீச்சு வலை எறிகிறவருக்கு ஈயத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. வலை விளிம்பில் கோத்த ஈயத்தை நகத்தால் கீறினாலே கோடு விழும். கீறிய இடம் வெள்ளையாய் மினுங்கி, சில நாளில் மறுபடி சாம்பல் பூத்துவிடும். 327 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால் விறகு நெருப்பே அதற்குப் போதும். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம், அதே அளவு இரும்பு 8 கிராம் கூட வராது. பாரமும் மென்மையும் சுலபமாக உருகுவதும் சேர்ந்த இந்த உலோகத்தைத்தான் துவக்குக்காரர்களும் பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பிடிபடும் இடியன் எனும் நாட்டுத் துவக்குகளும் அந்தப் பழைய முறையில் வந்தவைதான்.

கனடாவின் அல்பேட்டாவில் இருக்கும் என் அக்கா மகன் உரிமம் எடுத்து, பருவத்தில் மான் வேட்டைக்குப் போகிறவன். அவன் ஒருநாள் கேட்டான்: "மாமா, சின்னப் பட்டறைக்காரர் கடைஞ்சு விக்கிற செப்புச் சன்னம் நல்லா விலை கூட. அதுல அப்படி என்ன இருக்கு?" இங்கே நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறது. பயிர் காக்க உரிமம் பெற்றவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் சொட்கன்தான். ஆனால் அவன் கேட்டது உலோகத்தைப் பற்றிய கேள்வி. அதன் பதில் கறிச்சட்டி வரைக்கும் வரும் என்பதால் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு ரவையில் பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய சன்னம் என்று நான்கு பாகங்கள். குழலை விட்டுப் பறந்து போவது சன்னம் மட்டும். கரிமருந்துக் காலத்தில் அது செக்கனுக்கு 400, 450 மீற்றர் வேகத்தில் போனது. அந்த வேகத்துக்கு வெறும் ஈயம் தாக்குப்பிடித்தது. 1884இல் பிரான்சின் போல் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு வேகம் 600 மீற்றரைத் தாண்டியது. குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளத்தைப் பிடித்துச் சுழல வேண்டிய ஈயம் வழுக்கத் தொடங்கியது. குழல் சுவரெல்லாம் ஈயம் அப்பியது. இதற்கான தீர்வு கையில் தயாராக இருந்தது. 1882இலேயே சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயத்துக்குச் செப்புச் சட்டை போட்டுப் பார்த்திருந்தார்.

படைகளுக்கு அது பிடித்துக்கொண்டது, வேட்டைக்காரருக்குச் சரிவரவில்லை. முழுச் சட்டை போட்ட சன்னம் விலங்கின் உடலில் ஒரு சிறு துளையிட்டு மறுபக்கத்தால் போய்விடும். விலங்கு ஓடி, எங்கேயோ ஒரு பற்றைக்குள் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். முனையைத் திறந்துவிட்டால் சன்னம் விரியும் என்பதைக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த டம்டம் ஆயுதச் சாலை 1890களில் காட்டியது. மனிதர் மீது அப்படியான சன்னத்தைப் போரில் பாவிக்கக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு பிரகடனம் செய்தது. வேட்டையில் சட்டம் நேர்மாறு. இங்கிலாந்தில் மானைச் சுட விரியும் சன்னமே கட்டாயம். விலங்கு கெதியாகச் சாக வேண்டும் என்பதே காரணம்.

சரி, எது அதை விரிக்கிறது? பலரும் சூடு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அழுத்தத்தின் வேலை. உடலின் தசை பெரும்பங்கு தண்ணீர். தண்ணீருக்குள் வேகமாக நுழையும் ஒரு பொருளின் மூக்கில் ஏறும் அழுத்தத்தைப் பாடசாலைக் கணக்காலேயே பிடிக்கலாம்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். செக்கனுக்கு 800 மீற்றர் என்றால் 320 மெகாபஸ்கால் வருகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல். ஈயம் 15 மெகாபஸ்கால் அளவிலேயே நெளிந்து கொடுக்கத் தொடங்கிவிடும். அதாவது அந்த ஒரு கணத்தில் ஈயத்தின் உறுதி ஒரு கணக்கே இல்லை. உருகாமலே திரவம் மாதிரி வழிந்து பரவுகிறது. அதைக் கட்டி வைத்திருப்பது வெளியே உள்ள மெல்லிய செப்புச் சட்டை மட்டும். சட்டை கிழிந்தால் ஈயம் சிதறும்.

செம்பு வேறு இனம். நன்றாகக் காய்ச்சி ஆற வைத்த மென்செம்பு அறுவதற்கே 200 மெகாபஸ்காலுக்குச் சற்று மேல் வேண்டும். அடித்து இறுகிய செம்புக்கு இன்னும் அதிகம். ஆகவே 320க்கு முன்னால் செம்பு வளையும், தூளாகாது. ஆனால் தூரம் போகப் போக வேகம் குறைகிறது. 600 மீற்றர் வேகத்தில் மூக்கின் அழுத்தம் 180. 400 மீற்றரில் வெறும் 80. வேகம் பாதியானால் அழுத்தம் காற்பங்காகிவிடுகிறது. பொதுவான செப்புச் சன்னங்கள் விரிவதற்குச் செக்கனுக்கு 550, 600 மீற்றர் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். அதற்குக் கீழே அவை மூடிய சன்னமாகவே துளைத்துக்கொண்டு போகக்கூடும். முனையில் ஈயம் திறந்திருக்கும் மென்முனைச் சன்னம் இன்னும் குறைந்த வேகத்திலும் விரியும். மானிடம் போய்ச் சேரும்போது என்ன வேகம் என்பதே தேர்வின் முதற் கேள்வி. குழல் வாயில் இருக்கும் வேகத்தைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவே வழி தேடியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள். ஜோன் நொஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசிய ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டபோது சன்னம் தோலோரத்திலேயே உடைந்து, ஆழம் போகவில்லை. அவர் செப்புச் சட்டையின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்னறை ஈயம் விரிந்து சிதறினாலும் பின்னறை ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழத்துக்குத் தள்ளும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. கொலராடோவில் பிரெட் பார்ன்ஸ் 1932இல் சிறிய அளவில் தொடங்கிய தொழில் பின்னர் ரண்டி புரூக்ஸின் கைக்கு வந்தது. உடைவது ஈயம் என்றால் ஈயமே இல்லாமல் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1989இல் வந்த முழுச்செப்புச் சன்னத்தின் மூக்கில் ஒரு குழி; உள்ளே தசைநீர் புகுந்து அழுத்த, மூக்கு நான்கு இதழாகப் பின்னோக்கி மடங்கும். மடங்குவது குழியின் அடி வரைக்கும்தான். அதற்குப் பின்னால் திண்மையான செம்பு. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவே விரிவு. சன்னம் தன் எடை முழுவதையும் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு ஆழம் போகிறது. சாதாரண ஈயச் சன்னம் எடையில் மூன்றில் ஒன்றை, சில வேளை பாதியைக்கூட வழியில் இழந்துவிடும்.

சின்னப் பட்டறைகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதையும் இந்தச் செம்புதான் விளக்குகிறது. பெரிய தொழிற்சாலை செப்புத் தகட்டைக் கிண்ணமாக இழுத்து, ஈயத்தை வைத்து, அச்சில் அழுத்தி உருவாக்கும். ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும். இலட்சக்கணக்கில் விற்றால்தான் அச்சுக் காசு திரும்பும். முழுச்செப்புச் சன்னத்தைச் செப்புக் கம்பியிலிருந்து கணினி லேத்தில் கடைந்துவிடலாம். அளவை மாற்றக் கணினியில் எண்ணை மாற்றினால் போதும். ஒவ்வொன்றாகக் கடைவதால் நேரம் எடுக்கும், சீவல் வீணாகும். விலை கூடுவது அதனால்தான். ஆனால் நூறு பேர் மட்டுமே வாங்கும் ஓர் அபூர்வ அளவையும் செய்து தர முடியும். மொன்டானாவின் ஹாமர், பென்சில்வேனியாவின் கட்டிங் எட்ஜ் போன்றவை இந்த வழியில் வந்தவை. பார்ன்ஸ் நிறுவனம், இதழ்கள் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வடிவமைத்தது. இவை இதழ்களை வேண்டுமென்றே முறிய விடுகின்றன. இதழ்கள் பக்கவாட்டில் போக, நடுத்தண்டு நேரே போகும். எது நல்லது என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது ஒட்டியிருக்கும் இதழ்தான். இறைச்சிக்குள் துண்டு தேட வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வுட்லீ என்ற பட்டறை பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல் றைபிள்களுக்கு ஈயத்தைச் சட்டையோடு ஒட்டிய சன்னம் செய்து பேர் எடுத்தது. அந்தக் காலக் குழல்கள் மெல்லியவை. வளைந்து கொடுக்காத திண்ம உலோகம் அவற்றின் வரிப்பள்ளத்தைத் தள்ளிப் பிதுக்கிவிடும் என்ற பயம் இருக்கிறது. அப்படியான துவக்குக்கு மென்மை தேவை. ஆகவே செம்பு எல்லாத் துவக்குக்கும் பொருந்தாது.

நீளத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். செம்பு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம், ஈயத்தைவிட இலேசு. அதே தடிப்பில் அதே எடை வேண்டும் என்றால் சன்னம் நீள வேண்டும். நீளமான சன்னம் காற்றில் தடுமாறாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கு வெட்டிய குழலிலிருந்து 850 மீற்றர் வேகத்தில் வெளியேறும் சன்னம் செக்கனுக்கு 3,300 தடவைக்கு மேல் சுழல்கிறது. 1879இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜோர்ஜ் கிரீன்ஹில் போட்ட கணக்கின்படி, 7.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயச் சன்னம் பன்னிரண்டு அங்குல முறுக்கில் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நீளம் வரை நேராகப் பறக்கும். பத்து அங்குல முறுக்கில் 36 மில்லிமீற்றர் வரை. இன்றைய வேகங்களில் கொஞ்சம் கூடவும் போகலாம், ஆனால் அடிப்படை மாறவில்லை. முறுக்கு போதாவிட்டால் சன்னம் இலக்கு அட்டையில் பக்கவாட்டாகப் போய் விழுந்து, வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை போடும். வழி சுலபம்: எடையில் ஒரு படி குறைந்த செப்புச் சன்னத்தை எடுத்தால் நீளமும் குறையும், வேகமும் கூடும். எடை முழுவதும் மிஞ்சுவதால் ஆழத்துக்கும் குறைவில்லை.

சின்னப் பட்டறைகள் பல சன்னத்தை மட்டும்தான் விற்கின்றன. மருந்து அளந்து கோதில் ஏற்றுவது வாங்குபவரின் வேலை. அங்கே ஈயச் சன்னத்துக்கான அளவை அப்படியே செம்புக்குப் போடுவது ஆபத்து. நீளமான சன்னம் கோதுக்குள் மருந்தின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது, இறுகிய செம்பு குழலுக்குள் கூடுதலாக உராய்கிறது, அழுத்தம் ஏறிவிடும். இப்போது வரும் பல செப்புச் சன்னங்களின் இடுப்பில் வளையமாகப் பள்ளங்கள் இருப்பது அந்த உராய்வைக் குறைக்கத்தான். அதே சன்னத்துக்கு அதைச் செய்தவர் வெளியிட்ட அளவு இல்லாவிட்டால் அந்தச் சன்னத்தை வாங்காமல் விடுவதே சரி.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது இறைச்சி. சிதறிய ஈயம் எங்கே போகிறது? ஈயச் சன்னத்தால் சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தூவிக் கிடக்கும். பல துணுக்குகள் மணலைவிடச் சிறியவை. நாக்குக்கும் பல்லுக்கும் தட்டுப்படாது. காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் அவை கிடைக்கின்றன. 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த அரைத்த மான் இறைச்சிப் பொதிகள் பலவற்றில் ஈயம் இருந்தது தெரியவந்து, அவற்றை ஒதுக்கச் சொன்னார்கள். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது.

பறவைகளுக்கு இன்னும் மோசம். கழுகின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கும், ஈயத்தை விட்டுவைக்குமா? 1982இல் வெறும் 22ஆகக் குறைந்த கலிபோர்னியாக் கொண்டோர் எனும் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள், காப்பாற்றிக் காட்டில் விட்ட பிறகும், வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்று ஈய நஞ்சால் செத்தன. கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத்தை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. ஜப்பானின் ஹொக்கைடோவில் கடற்கழுகுகள் இதே மாதிரிச் செத்ததால் மான் வேட்டைக்கு ஈய றைபிள் சன்னம் 2000ஆம் ஆண்டிலேயே தடையானது. டென்மார்க் 2024 ஏப்ரலில் அதே முடிவுக்கு வந்தது. இந்தத் தடைகளால் செப்புச் சன்னத்துக்குச் சந்தையும் பெருகியது.

எங்கள் பக்கத்திலும் வாவிக்கு மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடுகிறது, செம்பருந்து ஊருக்குள்ளேயே திரிகிறது. வயலோரத்தில் வெடிபட்டுக் கிடக்கும் பன்றியைத் தேடி வருவது பருந்தும் காகமும் நரியும். அந்த உடலைக் குடலோடு ஆழமாகப் புதைக்க ஒரு மண்வெட்டி போதும். விரியும் செப்புச் சன்னம் எங்கள் விவசாயியின் கையில் வரப்போவதில்லை. புதைப்பதை இன்றைக்கே செய்யலாம். காட்டுப் பன்றிக் கறி வீட்டுக்கு வருமானால், காயத்தைச் சுற்றிய இரத்தம் கட்டிய சதையைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும்; பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் கறியே வேண்டாம். கழுவினால் ஈயம் போகாது. புளி விட்டுச் சமைத்தால் இன்னும் கூடக் கரையும்.

அக்கா மகனின் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், குளிர்காலம் முழுக்க அந்த மான் இறைச்சிதான் அவர்களுக்கு. செம்பையே எடுக்கச் சொன்னேன். குழலின் முறுக்கைப் பார்த்துச் சொன்னான், பத்து அங்குலம். வழக்கமாக அவன் 180 கிரெயின் ஈயம் பாவிக்கிறவன். 150 கிரெயின் செப்புச் சன்னம், அதாவது 9.7 கிராம், அந்தக் குழலில் தடுமாறாமல் பறக்கும். 250 மீற்றருக்கு அப்பால் சுடுவதில்லை என்ற அவனுடைய பழக்கத்துக்கு வேகமும் போதும்.