படிவம் ஒன்றில் தொடங்கும் கேள்வி

கோலாலம்பூரில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை வழங்கி வருகிறேன். பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "தமிழ்ப்பள்ளியில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தான் மேடம். படிவம் ஒன்னுக்குப் போனதும் ஆளே மாறிட்டான்." இங்கே தமிழ்ப்பள்ளி என்பது தொடக்கப்பள்ளி; படிவம் ஒன்று என்பது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு. சேர்க்கை சரியில்லை, கைப்பேசிதான் காரணம் என்பார்கள். பள்ளி மாறியபோது அவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

தமிழ்ப்பள்ளியில் எல்லோருமே தமிழ் பேசுபவர்கள். அதனால் அங்கே யாரும் அவனைத் தமிழன் என்று தனித்துப் பார்த்ததில்லை. வேகமாக ஓடுபவன், கணக்கில் கெட்டி, தேவாரம் பாடுபவன் என்றுதான் அவனைத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. திடீரென்று அவன் வெறும் 'இந்தியப் பையன்'. பாடமொழி மலாய். தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று வகுப்பில் வாயைத் திறக்கமாட்டான். படிவம் ஒன்றுக்கு முன் மலாய் மொழியைத் தேற்றிக்கொள்ளும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு இன்னொரு கூச்சமும் உண்டு: தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு உட்கார வேண்டும். தன்னைப் பற்றி அவன் நினைத்திருந்தது ஒன்று, மற்றவர்கள் அவனிடம் பார்ப்பது வேறொன்று.

'நான் யார்' என்று தேடுவதே வளரிளம் பருவத்தின் முக்கியமான வேலை என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவர் அதை வாழ்ந்தும் பார்த்தவர். பெற்ற தந்தை யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பொன்னிற முடியோடு இருந்ததால் யூதப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். யூதன் என்பதால் பள்ளியில் மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

1966-ல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா இந்தத் தேடலில் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். அதில் இரண்டைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமல் வீட்டார் சொன்னதை அப்படியே தன் முடிவாக ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, முடிவெடுக்காமல் பலவற்றை முயன்று பார்க்கும் காலம். முதல் வகைப் பிள்ளையை நாம் 'தங்கமான பிள்ளை' என்கிறோம், இரண்டாவது வகையை 'பொறுப்பில்லாதவன்' என்கிறோம். எனக்கு அதிகக் கவலை தருவது முதல் வகைதான். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, அப்பா சொன்ன படிப்பில் சேர்ந்து, இருபது வயதுக்கு மேல் திடீரென்று உடைந்துபோய் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குழு. 1970-களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். எந்த ஓவியரின் படங்கள் பிடிக்கும் என்று கேட்டு இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். பெயருக்கு ஒரு குழு இருந்தாலே இந்த வயதில் இவ்வளவு ஒட்டுதல் வருகிறது. அப்படியிருக்க, வகுப்பில் யாரும் மதிக்காத பையனை "தம்பி, நாங்க இருக்கோம்" என்று ஓர் அண்ணன் தோளில் கைபோட்டு அழைத்தால் என்ன ஆகும்? குண்டர் கும்பல்கள் பிள்ளைகளை இழுப்பது இந்த இடத்தில்தான். 2013-ல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. தடை அவசியம்தான். ஆனால் அந்தப் பையன் தேடிப்போன மதிப்பை அது தந்துவிடாது.

அதனால்தான் உறுமி மேளக் குழுவில் சேர வேண்டும் என்று மகன் கேட்டால் உடனே மறுக்காதீர்கள் என்கிறேன். யார் நடத்துகிறார்கள், எங்கே பயிற்சி, எத்தனை மணிக்கு முடிகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பொறுப்பான பெரியவர் ஒருவர் இருந்தால் சரி, விடுங்கள். காற்பந்து, நாடகம், மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் எதுவானாலும் இப்படித்தான். அவனுக்கு ஒரே குழு மட்டும் இருப்பதுதான் ஆபத்து. ஒன்றில் அவமானப்பட்டால் போய் நிற்க இன்னோர் இடம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த இரண்டாவது இடமே பல நேரம் கிடைப்பதில்லை. அதையும் கவனியுங்கள்.

வாரக்கணக்கில் பேச்சே இல்லை, தூக்கம் கெடுகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறான், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். வெளியே போவதானால், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டே பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.