கோடிகளைக் கொட்டி எடுத்த ஆட்டக்காரர் அடுத்த ஆண்டே ஏன் சறுக்குகிறார்?

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அலுவலகத்தில் பாதிப் பேர் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள், மீதிப் பேர் மெட்ஸ் அணியின் ரசிகர்கள். ஆண்டின் கடைசித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்ததிலிருந்து பிப்ரவரி வரை மைதானத்தில் பேஸ்பால் கிடையாது. ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் சண்டை மட்டும் ஓய்வதே இல்லையாம். யாரை எடுத்தார்கள், எத்தனை மில்லியன், எத்தனை வருடம், இதே பேச்சுதான். "வருடா வருடம் ஏதாவது ஓர் அணி ஒரு நட்சத்திரத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறது. அவர் அடுத்த வருடமே சொதப்புகிறார். பணம் வந்ததும் உழைப்பு போய்விட்டது என்கிறார் ஒருவர். அந்த அணிக்கே ராசி இல்லை என்கிறார் இன்னொருவர். அறிவியல் என்ன சொல்கிறது சார்?" என்று கேட்கிறார்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவையை முடித்த ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியோடும் பேரம் பேசலாம். அவர்தான் 'ஃப்ரீ ஏஜென்ட்'. 1975 டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பந்து வீச்சாளர்கள் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்பு இந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவை மெட்ஸ் அணி 15 ஆண்டுக்கு 765 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற பேச்சு என்பதால் இந்த விவாதத்துக்கு அங்கே 'ஹாட் ஸ்டவ்' என்றே பெயர்.

சறுக்கலுக்கு வயது ஒரு காரணம். ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்போது பலருக்கு முப்பது நெருங்கிவிடும், உடம்பின் உச்சமும் ஏறக்குறைய அப்போதே முடிந்துவிடும். ஆல்பர்ட் புஹோல்ஸ் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 11 சீசனில் 0.328 சராசரி வைத்திருந்தார். ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 328 முறை ஹிட் அடிப்பார் என்று அர்த்தம். பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டினால் அது ஹிட். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி 10 ஆண்டுக்கு 240 மில்லியன் டாலர் கொடுத்தது. அங்கே அவர் சராசரி 0.256. இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வயதே ஆகாத ஆட்டக்காரருக்கும் இப்படி நடக்கிறதே, அதுதான் என்னை இழுக்கிறது.

ஏட்ரியன் பெல்ட்ரேயை எடுத்துக்கொள்வோம். டாட்ஜர்ஸ் அணியில் ஆடிய மட்டையாளர். 2001இல் அவர் சராசரி 0.265, 2002இல் 0.257, 2003இல் 0.240. 2004இல் திடீரென்று 0.334! 598 முறையில் 200 ஹிட், அதில் 48 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). வயது 25தான். சரியாக அந்த ஆண்டு முடிவில் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். சியாட்டில் மாரினர்ஸ் ஐந்து ஆண்டுக்கு 64 மில்லியன் டாலர் கொடுத்தது. 2005இல் அவர் அடித்தது 0.255. சியாட்டிலில் இருந்த ஐந்து ஆண்டிலும் ஒரு முறைகூட 0.280ஐத் தொடவில்லை.

சோம்பேறி ஆகிவிட்டாரா? முதலில் ஒரு ஹிட் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். மட்டையின் நடுவில் பட்டுத் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்த பந்து, நேராக மூன்றாவது பேஸில் நிற்பவரின் கையுறைக்குள் போய்ச் சொருகிக்கொள்கிறது. அவுட். அடுத்த முறை பந்து மட்டையின் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டு, சொத்தென்று எழும்பி, ஓடி வரும் மூன்று பேருக்கும் நடுவில் புல்லில் விழுகிறது. ஹிட். அடித்தவரின் திறமை இரண்டிலும் ஒன்றுதான். ஆண்டு முழுக்க இந்த மாதிரிப் பந்துகள் சேர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு சேரும் என்பதைப் பள்ளிக்கூடத்து நிகழ்தகவை வைத்தே கணக்குப் போடலாம். உண்மைத் திறமை 0.270 உள்ள ஒருவர் 600 முறை மட்டை பிடித்தால் 162 ஹிட் வரவேண்டும். அதன் திட்ட விலக்கம் சுமார் 11 ஹிட். அதாவது 151 வந்தாலும் 173 வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆறு மாத சீசனில் 11 ஹிட் என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. மைதானத்தில் தினமும் உட்கார்ந்து பார்த்தாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் ஏட்டில் அது 0.252, 0.288 என்று இரண்டு வெவ்வேறு மனிதர்களாகத் தெரியும்.

இப்போது கற்பனையாக 150 மட்டையாளர்களை நிறுத்துங்கள். அத்தனை பேருக்கும் துல்லியமாக 0.270 திறமை, யாரும் யாருக்கும் ஒரு துளி உயர்வில்லை. சீசன் முடிந்ததும் பட்டியல் போட்டால் முதலிடத்தில் இருப்பவர் 0.32 பக்கம் நிற்பார், கடைசி ஆள் 0.22 பக்கம் கிடப்பார். முதல்வரை எல்லா அணியும் துரத்தும், கடைசி ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த ஆண்டு இருவருமே 0.270 பக்கம் வந்து சேர்வார்கள். இதைத்தான் 'சராசரி நோக்கிய பின்னடைவு' என்கிறோம். உயரமான பெற்றோரின் பிள்ளைகளை அளந்து 1886இல் பிரான்சிஸ் கால்டன் இதை எழுதிவைத்தார்.

பெல்ட்ரேயின் 200 ஹிட் வெறும் அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல. அவ்வளவு தூரம் அதிர்ஷ்டம் தனியாகத் தூக்கிவிடாது, அந்த ஆண்டு அவர் நிஜமாகவே நன்றாக ஆடினார். திறமையும் அதிர்ஷ்டமும் ஒரே பக்கம் தள்ளியதால்தான் அவர் பெயர் பட்டியலின் உச்சிக்குப் போனது. திறமை அடுத்த ஆண்டும் கூட வரலாம். அதிர்ஷ்டம் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

ராசி, கண் திருஷ்டி என்பதெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையின் அட்டையில் படம் வந்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று அமெரிக்கர்கள் காலம் காலமாக நம்பினார்கள். 1954 ஆகஸ்டில் வந்த முதல் இதழின் அட்டையில் இருந்த எடி மேத்யூஸுக்குச் சில நாளிலேயே கையில் அடிபட்டது, அப்புறம் கேட்கவா வேண்டும்? ஒருவர் அட்டைக்கு வருவதே உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்திலிருந்து அடுத்த படி பெரும்பாலும் கீழேதான். நம் வீடுகளில் பிள்ளை முதல் மார்க் வாங்கிய அடுத்த பரீட்சையில் குறைந்தால் பூசணிக்காய் சுற்றுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

இந்தப் பின்னடைவை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவும் வழி உண்டு. 1956இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் ஸ்டைன் ஒரு விசித்திரமான தேற்றத்தை நிரூபித்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒன்றாக மதிப்பிடும்போது, ஒவ்வொன்றையும் பொதுவான ஒரு நடுப்புள்ளியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும் என்கிறது அது. எழுபதுகளில் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் இதை 18 பேஸ்பால் ஆட்டக்காரர்கள் மேல் போட்டுப் பார்த்தார்கள். 1970 சீசனில் ஒவ்வொருவரும் மட்டை பிடித்த முதல் 45 முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது ராபர்ட்டோ கிளமென்டே 0.400இல் இருந்தார், தர்மன் மன்சன் 0.178இல் இருந்தார். சூத்திரம் முதலாமவரை 0.29க்கு இறக்கியது, மற்றவரை 0.25 அருகே ஏற்றியது. மீதி சீசனில் அவர்கள் அடித்தது முறையே 0.346, 0.316. இரண்டு இடத்திலும் சூத்திரம் சொன்ன திசை சரி, தூரம்தான் பொருந்தவில்லை. கிளமென்டேக்குக் கூடிவிட்டது, மன்சனுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் 18 பேரையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

ஸ்டைனின் நிரூபணம் வெறும் கணித ஆர்வத்தில் பிறந்தது. இன்று ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் போட்டால், இதனால் உடனே என்ன பயன் என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள். 1956இல் ஸ்டைன் அந்தப் பத்தியில் எதை எழுதியிருப்பார்? கணிதத்துக்குப் பெரிய கருவி வேண்டாம், சம்பளமும் நேரமும் போதும். அதில் கை வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, ஆட்டக்காரர் பக்கம் இது. நான் ரசித்து ரசித்துப் படித்தது அணிகள் பக்கம் நடப்பதை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேக்ஸ் பேசர்மன், வில்லியம் சாமுவெல்சன் என்ற இருவர் பாஸ்டன் பல்கலைக்கழக எம்.பி.ஏ. வகுப்புகளில் ஜாடிகளை ஏலம் விட்டார்கள். சில்லறைக் காசு போன்ற பொருள்கள் நிறைந்த ஜாடிகள். ஒவ்வொன்றின் மதிப்பும் 8 டாலர், அது மாணவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் ஜாடியைப் பார்த்து மதிப்பை ஊகித்து, தன் ஏலத் தொகையை மூடிய தாளில் எழுதித் தரவேண்டும். ஊகங்களின் சராசரி 5 டாலர் 13 சென்ட். வகுப்பு மொத்தமாகப் பார்த்தால் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியென்றால் ஜாடி மலிவாகப் போயிருக்கவேண்டும், இல்லையா? வென்ற தொகைகளின் சராசரி 10 டாலர் 1 சென்ட்! ஜெயித்தவர் சராசரியாக இரண்டு டாலர் இழந்தார்.

வகுப்பே குறைத்து மதிப்பிட்டாலும் ஜாடி வகுப்பின் கைக்குப் போவதில்லை. யார் எல்லோரையும்விடக் கூடுதலாகத் தப்புக்கணக்குப் போட்டாரோ அவர் கைக்குத்தான் போகிறது. ஏலம் என்பதே அந்த ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிற இயந்திரம். நானும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியங்கொட்டையைப் போட்டுச் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்ப்பதுண்டு. ஜெயித்த பிள்ளை சந்தோஷமாகக் கொட்டைகளைத் தரையில் பரப்பிப் பத்துப் பத்தாகக் கூறு கட்டும். தான் சொன்ன எண்ணிக்கைக்குப் பல கூறு முன்னாலேயே பாட்டில் காலியாகியிருக்கும்.

ஓர் ஆட்டக்காரரின் உண்மை மதிப்பு 100 மில்லியன் டாலர் என்று வைப்போம். ஒவ்வொரு அணியின் நிபுணர் குழுவும் நேர்மையாக மதிப்பிடுகிறது, சராசரியாகச் சரியாகவும் சொல்கிறது, திட்ட விலக்கம் மட்டும் 20 மில்லியன். இரண்டு அணிகள் போட்டியிட்டால் பெரிய மதிப்பீடு சராசரியாக 111 மில்லியன். ஐந்து அணிகள் என்றால் 123. பத்து அணிகள் என்றால் 131. முப்பது அணிகளும் வந்தால் 141. ஆட்டக்காரரும் மாறவில்லை, நிபுணர்கள் யாரும் முட்டாளும் இல்லை. போட்டிக்கு வந்தவர்கள் கூடக்கூட வென்றவரின் பிழை மட்டும் வளர்கிறது. ஆள் அதிகம் துரத்தினால் சரக்கு நல்லது என்று நினைக்கிறோம். துரத்துகிறவர் கூடும்போது அணி தன் விலையை இன்னும் இறக்கிக்கொள்ளவேண்டும் என்கிறது கணக்கு. முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். 1971இல் இதை முதலில் எழுதியவர்கள் அட்லான்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல். கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்காதது ஏன் என்று தேடியபோது கிடைத்த விடை இது. 1969இல் அலாஸ்கா வடசரிவு ஏலத்தில் வென்ற தொகைகளின் கூட்டல் 900 மில்லியன் டாலர், இரண்டாம் இடத்துத் தொகைகளின் கூட்டல் 370 மில்லியன். நடுவில் உள்ள 530 மில்லியன் அநியாயமாகப் போன பணம். 1980இல் ஜேம்ஸ் காஸிங், ரிச்சர்ட் டக்ளஸ் என்ற பொருளியலாளர்கள் இதே கண்ணோட்டத்தில் பேஸ்பால் ஒப்பந்தங்களைப் பார்த்து, ஃப்ரீ ஏஜென்ட்களுக்கு அதிகமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள்.

ஐபிஎல் ஏலத்தில் யார் எந்த விலையில் பின்வாங்கினார் என்று எல்லோரும் பார்க்கலாம். அதில் கொஞ்சம் பாடம் கிடைக்கும், கை தானாக இறங்கும். பேஸ்பாலில் ஏஜென்ட் ஒருவர்தான் எல்லா அணியோடும் தனித்தனியாகப் பேசுவார். அடுத்த அணி உண்மையில் எவ்வளவு சொன்னது என்று இந்த அணிக்குத் தெரியாது. மூடிய தாள் மாதிரிதான்.

150 பேரில் உச்சியில் நிற்கும் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதும், 30 அணிகளில் உச்சியில் நிற்கும் மதிப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே காரியம்தான். பிழை கலந்த பல அளவுகளில் பெரியதைப் பொறுக்கினால், பிழையையும் சேர்த்தே பொறுக்குகிறோம். ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் இது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை நடக்கிறது.

அதனால் வாசகர் நண்பர் அடுத்த தடவை மேஜையில் உட்காரும்போது போன ஆண்டு எண்ணை மட்டும் பார்க்கவேண்டாம். டாம் டேங்கோ என்பவர் உருவாக்கிய 'மார்செல்' என்ற கணிப்பு முறை இருக்கிறது. குரங்குகூடப் போடக்கூடிய எளிய கணக்கு என்பதால் ஒரு குரங்கின் பெயரையே வைத்தார். கடைசி மூன்று ஆண்டுகளுக்கு 5, 4, 3 என்று எடை கொடுத்து, லீக் சராசரி நோக்கிக் கொஞ்சம் இழுத்து, வயதுக்குச் சிறிது திருத்தினால் முடிந்தது. 2004 முடிவில் பெல்ட்ரேயின் மூன்று சராசரிகளை இதில் போட்டுப் பார்த்தேன், வயதுத் திருத்தம் இல்லாமலே 0.28 வந்தது. சியாட்டிலில் ஐந்து ஆண்டும் சேர்த்து அவர் அடித்தது 0.266.

பெல்ட்ரே மோசமான ஆட்டக்காரர் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சியாட்டிலுக்குப் பிறகு பாஸ்டன் போனார், டெக்சஸ் போனார், 2018 வரை 21 சீசன் ஆடி 3,166 ஹிட் அடித்தார், 2024இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். மொத்த வாழ்நாள் சராசரி 0.286. 2004இன் 0.334ஐயும் 48 ஹோம் ரன்னையும் அவர் அதற்குப் பிறகு ஒரு சீசனிலும் எட்டவில்லை.